இரும்புக்குள் ஓட்டை தேடியவருக்கு

மாமா,

போன வாரம் பாப்பா பள்ளிக்கூடத்துச் சறுக்குமரத்திலிருந்து விழுந்து இடது கையை ஒடித்துக்கொண்டாள். பதறாதீர்கள், மெல்லிய விரிசல்தான். மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. எக்ஸ்ரே அறைக்குள் தனியாகப் போக மாட்டேன் என்று அவள் முரண்டு பிடித்ததால் என்னையும் உள்ளே விட்டார்கள். விடுவதற்கு முன்னால் அங்கே வேலை பார்க்கும் பெண் ஓர் ஈயக் கவசத்தை எடுத்து என் தோளில் மாட்டினாள். முழங்கால் வரைக்கும் தொங்குகிற அங்கி. ரப்பர் நாற்றத்தோடு, எனக்கு முன்னால் அதைப் போட்டவர்களின் வியர்வையும் சேர்ந்து அடித்தது. அந்தக் கனம் தோளில் இறங்கியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடிபட்டது பிள்ளைக்கு, அழுவது அம்மாவா என்று அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"மாசமா இருக்கீங்களாக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் ஏன் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையின் செல்கள் ஓயாமல் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும், அப்படிப் பிரிகிற செல்லைத்தான் கதிர் சுலபமாகக் கெடுக்கும் என்று நீங்கள் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். அதனால்தான் கர்ப்பிணியை உள்ளே விட மாட்டார்கள். என்னை விட்டார்கள்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்த அம்மாள் பாப்பாவின் தலையைத் தடவிவிட்டு என் காதோரம் குனிந்தார். "எக்ஸ்ரே எடுத்த புள்ளைய ரெண்டு நாளைக்கு ஒட்டிப் படுக்க வெச்சிக்காதம்மா. அந்தக் கதிரு ஒடம்புலயே நிக்கும்." எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "உங்க மேல டார்ச் அடிச்சா நீங்க டார்ச் ஆயிடுவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து எதிர் பெஞ்சுக்குப் போய்விட்டார். பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த வாக்கியம் என்னுடையது இல்லை. அது உங்களுடையது, எங்கள் வீட்டில் உட்கார்ந்து என் அம்மாவிடம் நீங்கள் சொன்னது. அதைச் சொல்லி முடித்ததும் உங்கள் குரலே பக்கத்தில் கேட்டது போல ஆகிவிட்டது.

அதனால்தான் இந்த மடல். சேர்வதற்கு முகவரி இல்லை என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

நீங்கள் முதன்முதலில் ஓசூரில் எங்கள் வீட்டுக்கு வந்தது நினைவிருக்கிறதா? தூரத்து உறவில் அத்தை மகன், ஊத்தங்கரைப் பக்கம், ஐ.டி.ஐ. படித்துவிட்டு இங்கே ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை என்று அப்பா சொல்லியிருந்தார். நான் அப்போது ரெடிமேட் துணிக் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் சட்டைகளை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, ஓட்டையோ கறையோ தையல் விட்டதோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது என் வேலை. நீங்கள் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள். "நீ துணியில ஓட்ட பாக்குற. நான் இரும்புல ஓட்ட பாக்குறேன். ரெண்டும் ஒரே வேலதான்" என்றீர்கள். பெண் பார்க்க வந்தவர் இப்படியா பேசுவார் என்று உள்ளே போய் அம்மாவிடம் முணுமுணுத்தேன். ஆனால் அன்றைக்கே எனக்குப் பிடித்துவிட்டது. இதை நான் உங்களிடம் சொன்னதே இல்லை. சொன்னால் தலைக்கேறிவிடும் என்று வைத்திருந்தேன்.

நிச்சயதார்த்தம் ஆன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது சாக்கு வைத்து வந்துவிடுவீர்கள். அம்மா நம்மைத் தனியாக விட மாட்டாள். அவரைக்காயை முறத்தில் போட்டுக்கொண்டு நடுவில் வந்து உட்கார்ந்து உரிப்பாள். அவள் முன்னால் வேறு என்ன பேச முடியும்? உங்கள் வேலையைப் பற்றித்தான் பேசினோம். ஒரு பெட்டி இருக்கிறது, அதற்குக் கேமரா என்று பெயர், ஆனால் உள்ளே லென்ஸ் கிடையாது, மிளகளவு ஒரு உலோகத் துண்டுதான் இருக்கிறது என்றீர்கள். அந்தத் துண்டுக்கு சோர்ஸ் என்று பெயர். அதன் அணுக்கள் நிலையில்லாதவை. ஒவ்வொன்றாக உடைந்து உடைந்து கதிரை வீசிக்கொண்டே இருக்கும். அடுப்பை அணைப்பது போல அதை அணைக்க முடியாது. தடித்த கவசத்துக்குள் பூட்டித்தான் வைக்க வேண்டும். வார்த்த இரும்பை கான்கிரீட் அறைக்குள் வைத்து, அதன் பின்னால் ஃபிலிமை ஒட்டி, ஆட்கள் எல்லோரும் வெளியே வந்த பிறகு தூரத்திலிருந்து கைப்பிடியைச் சுற்றி அந்தத் துண்டைக் கவசத்திலிருந்து வெளியே தள்ளுவீர்கள். கதிர் இரும்புக்குள் புகுந்து போகும். உள்ளே ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் ஃபிலிம் கறுத்துக் காட்டிக் கொடுத்துவிடும்.

"எல்லாக் கதிரும் இப்புடித்தான் இரும்பையே தொளைக்குமா?" என்று அம்மா கேட்டாள். அவளுக்குத்தான் என்னைவிட ஆர்வம்.

நீங்கள் எதிரில் கிடந்த செய்தித்தாளை எடுத்தீர்கள். "இல்லீங்கத்த. ஒரு வகை இருக்குது, இந்தப் பேப்பரே அத நிறுத்திடும். தோலக்கூட தாண்டாது. ஆனா சோத்துலயோ மூச்சுலயோ உள்ள போயிடிச்சின்னா அதான் பொல்லாதது. இன்னொரு வகை பேப்பர தாண்டும், ஒரு தகடு வெச்சா நின்னுடும். எங்க கிட்ட இருக்கிறது மூணாவது. அதுக்கு ஈயமோ தடிச்ச செவுரோ வேணும்."

"கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது. வாசன இல்ல, சூடு இல்ல, சத்தம் இல்ல. உங்க வாசப்படி கல்லுலயும் துளி வந்துக்கினுதான் இருக்குது. நம்ம கிருஷ்ணகிரி கல்லே அப்படித்தான். அந்த அளவு ஒண்ணும் பண்ணாது."

மறுநாள் காலையில் அம்மா அந்த வாசப்படியைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். நான் சிரித்ததற்கு என்னைத் திட்டினாள். நீங்கள் அடுத்த வாரம் வந்தபோது, "கழுவினா போறதுக்கு அது அழுக்கு இல்லீங்கத்த" என்றீர்கள். "அப்ப உன் மேல பட்டதும் போகாதா?" என்று அவள் மடக்கினாள். அப்போதுதான் டார்ச் லைட் கதை வந்தது. வெளிச்சம் மேலே பட்டுவிட்டுப் போகும், பட்டவன் விளக்காக மாறிவிட மாட்டான். அந்த உலோகமே தூளாகி மேலே ஒட்டினால்தான் ஆபத்து, எங்களுடையது இறுக்கி மூடிய உறைக்குள் இருக்கிறது என்று விளக்கினீர்கள். அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பின்னால் அவள் அதை எல்லாம் மறந்துபோனதுதான் எனக்கு ஆறவில்லை.

கல்யாணம் பங்குனியில் என்று முடிவாகியிருந்தது. தை மாதத்தில் அந்தச் செய்தி வந்தது.

நீங்கள் எல்லோரும் சட்டைப் பையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்வீர்களே, அதிலிருந்துதான் வந்தது வினை. அதற்குள் இருக்கும் சின்ன அட்டை உங்கள் மேல் விழும் கதிரை வாங்கிச் சேர்த்துக்கொள்ளும். சில மாதங்களுக்கு ஒரு முறை அட்டையை மட்டும் கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே அதைச் சூடாக்கினால் வாங்கிய கதிருக்குத் தக்கபடி அது ஒளிவிடும். அந்த ஒளியை அளந்து இவருக்கு இவ்வளவு பட்டிருக்கிறது என்று சொல்வார்கள். எப்போதும் ஒன்றும் இல்லை என்றே வரும். அந்த முறை மற்றவர்களுக்கு அப்படியே வந்தது, உங்களுக்கு மட்டும் அனுமதித்த அளவைத் தாண்டி எங்கேயோ இருந்தது. சேஃப்டி ஆபீசர் உங்களைக் கூப்பிட்டு, சோர்ஸ் பக்கமே போகக் கூடாது என்று நிறுத்திவிட்டார். என்ன நடந்தது, எந்த வேலையில் பட்டது என்று துருவித் துருவிக் கேட்டார். உங்களுக்கு ஒன்றும் நினைவில்லை. ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

உங்களோடு வேலை செய்தவரின் மனைவி வழியாக அது எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது. கதிர் பட்டுவிட்டதாம் என்பது, தெருமுனை தாண்டுவதற்குள் பிள்ளை பிறக்காதாம் என்றாகி, எங்கள் வாசலுக்கு வரும்போது, பிறந்தாலும் குறையோடுதான் பிறக்குமாம் என்று வளர்ந்திருந்தது. எங்கள் வீட்டுக்காரம்மா கன்னடம். "ஏனாயித்தம்மா?" என்று மாடியிலிருந்து இறங்கி வந்து கேட்டார். என்ன ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை, நான் அவருக்கு எந்த மொழியில் சொல்வது?

அம்மா ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள். "இந்தச் சம்பந்தம் வாணாம். நாளைக்குப் புள்ள இல்லன்னா ஊரு அவன கேக்காது. என் பொண்ணத்தான் கேக்கும்." நான் சாப்பிடாமல் இருந்து பார்த்தேன், கத்திப் பார்த்தேன். கடைசியில் நீங்களே எஸ்.டி.டி. பூத்திலிருந்து அப்பாவைக் கூப்பிட்டு, "மாமா, ரத்தம் ரிசல்ட்டு வர்ற வரைக்கும் தேதிய தள்ளி வெச்சிடலாம்" என்று சொன்னீர்கள். எனக்காகச் சண்டை போடுவீர்கள் என்று காத்திருந்தேன், நீங்கள் அம்மாவின் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று அன்றைக்கு எனக்கு உங்கள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. வீட்டுக்கு வருவதையும் நிறுத்திவிட்டீர்கள்.

அந்த மாசியில் என் கம்பெனித் தோழிக்குக் காவேரிப்பட்டினத்தில் கல்யாணம். நீங்களும் வர வேண்டும் என்று ஆள்மூலம் சொல்லி அனுப்பினேன். வந்தீர்கள். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து தலை நிமிராமல் சாப்பிட்டீர்கள். திரும்பும் வழியில் கிருஷ்ணகிரி அணைப் பூங்காவில் இறங்கினோம். நல்ல வெயில். ஒரு சிமெண்ட் பெஞ்சில் நான் உட்கார்ந்ததும் நீங்கள் அதன் மறுகோடியில் போய் உட்கார்ந்தீர்கள். நடுவில் இன்னும் இரண்டு பேர் உட்காரலாம்.

"ஒடம்புல நிக்காதுன்னு எங்கம்மாவுக்கு டார்ச் கதை சொன்னீங்க இல்ல? அப்புறம் என்னாத்துக்கு அங்க போய் உக்காந்துக்கினு இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"தெரியும் புள்ள. தெரிஞ்சாலும் பயமா இருக்குது."

அன்றைக்குத்தான் கதிர் மனிதனை என்ன செய்யும் என்பதை நீங்கள் எதையும் மறைக்காமல் சொன்னீர்கள். ஒரே நேரத்தில் மிக அதிகமாகப் பட்டால் அன்றைக்கே வாந்தி வரும். பட்ட இடத்துத் தோல் சில நாள் கழித்துச் சிவந்து கொப்புளித்துப் புண்ணாகும். முடி கொட்டும். எலும்புக்குள்ளே ரத்தம் ஊறும் இடம் கெட்டு, ரத்த அணுக்கள் குறைந்து, சின்னக் காய்ச்சல்கூட ஆளைச் சாய்த்துவிடும். இன்னும் அதிகமானால் பிழைக்க மாட்டார்கள். கொஞ்சமாகப் பட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. உடம்பு தானாகவே பெரும்பாலானதைச் சரி செய்துகொள்ளும். சரி செய்யாமல் விட்ட ஒன்றிரண்டு பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம், வராமலும் போகலாம். அதே கதிரை ஓர் இடத்தில் குவித்து அதே புற்றுநோயைச் சுட்டுக் கொல்லவும் செய்கிறார்கள்.

"உங்களுக்கு வாந்தி வந்திச்சா? முடி கொட்டிச்சா?"

"ஒண்ணும் இல்ல. அந்த அளவுக்கு ரீடிங்கும் இல்ல. ஆனா ஒண்ணுமே இல்லன்னு சொல்ற அளவும் இல்ல. லாட்டரி மாதிரி புள்ள. சீட்டு அதிகமா வாங்கினவனுக்கு விழற வாய்ப்பு அதிகம். யாருக்கு விழும்னு எவனும் சொல்ல முடியாது."

"புள்ளைக்கு?"

நீங்கள் அணைத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "இந்த அளவுக்கெல்லாம் ஆகாதுன்னுதான் ஆபீசரு சொல்றாரு. ஆனா நாளைக்கு நமக்கு ஒரு கொறையோட புள்ள பொறந்துச்சின்னா, அது எதனால வந்திருந்தாலும், நீ என்னத்தான் பாப்ப. அந்தப் பார்வைய என்னால தாங்க முடியாது."

"கொறைய பாக்குறதுதான் என் வேலையே" என்றேன். "நான் சட்டையத்தான் திருப்பி அனுப்புவேன். ஆள அனுப்ப மாட்டேன்."

நீங்கள் சிரிக்கவில்லை. அழுதுவிடுவீர்களோ என்று பயந்து, பேச்சை மாற்ற, அந்தப் பாழாய்ப்போன பேட்ஜைக் காட்டுங்கள் என்றேன். இப்போதுதான் வேலையில்லாமல் இருக்கிறதே என்று பையிலிருந்து எடுத்துக் கொடுத்தீர்கள். அப்போதும் கைக்குக் கை கொடுக்காமல் பெஞ்சின் மேல் வைத்து என் பக்கம் தள்ளினீர்கள். வெறும் பிளாஸ்டிக் கூடு. ஆய்வகத்துக்குப் போவது அட்டை மட்டும்தான், கூடு உங்களிடமே இருக்கும். எனக்குப் பழக்கதோஷம், எதைக் கையில் கொடுத்தாலும் வெளிச்சத்தில் திருப்பித்தான் பார்ப்பேன். கிளிப் சேரும் இடுக்கில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. நகத்தால் சுரண்டினேன். பின்னால் மஞ்சளாகக் காய்ந்த சந்தனம்.

"என்னா இது, குங்குமம்? எந்தக் கோயில்ல வெச்சிக் கும்பிட்டீங்க?"

"கோயில்ல இல்ல. ஆயுத பூஜைக்கு வெச்சது" என்றீர்கள். சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது.

ஓசூரில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? லேத் மிஷினிலிருந்து ஸ்பேனர் வரைக்கும் பொட்டு வைக்காத இரும்பு அன்றைக்கு ஊரில் இருக்காது. உங்கள் ஆட்கள் அந்தக் கேமராவையும் துடைத்து, பலகை போட்டு அதன் மேல் ஏற்றி, மாலை போட்டுப் பொரி கடலை படைத்திருக்கிறீர்கள். ஃபிட்டர்கள் ஸ்பேனரை வைத்தார்கள், வெல்டர் கண்ணாடியை வைத்தார். உங்களுக்கு என்ன ஆயுதம்? சட்டையிலிருந்த பேட்ஜைக் கழற்றிப் பொட்டு வைத்துக் கேமராவின் மேலேயே சாய்த்து வைத்திருக்கிறீர்கள். பூஜையில் வைத்ததை மறுபூஜை முடியாமல் எடுக்கக் கூடாதே! கதவைப் பூட்டிவிட்டு எல்லோரும் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருக்கிறீர்கள். கவசத்துக்குள் இருந்தாலும் அந்தத் துண்டிலிருந்து மிகக் கொஞ்சம் வெளியே கசியும். நாலடி தள்ளி நின்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் கிடந்தால் சேர்ந்துகொண்டே போகும். நீங்கள் ஊத்தங்கரையில் அத்தை கையால் களி தின்றுகொண்டிருந்தபோது, உங்கள் பேட்ஜ் இங்கே தனியாக உட்கார்ந்து உங்கள் பேரில் கதிர் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சாமி கும்பிட்டா வரம் கெடைக்கும்னு பாத்தா உங்களுக்குக் கதிரு கெடச்சிருக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நீங்கள் கைகளால் முகத்தை மூடிக்கொண்டீர்கள். "கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு வேண்டிக்கினுதான் வெச்சேன்" என்றீர்கள். அதைக் கேட்டதும் என் சிரிப்பு நின்றுபோனது.

மறுநாளே ஆபீசரிடம் சொல்லியிருக்கிறீர்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "கடவுளே! பூஜைக்கு எலுமிச்சம்பழம் வைக்கலாம், தேங்காய் வைக்கலாம். அளக்கிற பேட்ஜைப் போய் வைப்பாங்களா?" என்று கத்தினாராம். ஆனாலும் வாயால் சொல்வதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, ரத்தம்தான் சாட்சி என்றாராம். அம்மாவிடம் நான் ஓடி வந்து சொன்னேன். "நல்லாத்தான் கத கட்டுறீங்க ரெண்டு பேரும். குங்குமம் வெச்சா கதிரு ஏறுமா?" என்றாள். வாசப்படியைக் கழுவியவள்தானே!

பிறகு வந்த காத்திருப்பு என் ஆயுளிலேயே நீளமானது என்று அப்போது நினைத்தேன். ரத்தத்தில் என்ன பார்ப்பார்கள் என்று நீங்கள் பெஞ்சிலேயே சொல்லியிருந்தீர்கள். செல்லுக்குள்ளே நூல் நூலாக இருக்கும் குரோமோசோம்கள் கதிர் பட்டால் அறுந்துபோகும். அறுந்தவை திரும்ப ஒட்டும்போது சில தவறாக இடம் மாறி ஒட்டிக்கொள்ளும். அப்படித் தப்பாக ஒட்டியவை எத்தனை என்று நுண்ணோக்கியில் தேடுவார்கள். அவர்களும் செக்கிங்தான் என்று நினைத்துக்கொண்டேன். யாரோ ஒரு பெண் எங்கேயோ உட்கார்ந்து உங்கள் ரத்தத்தை வெளிச்சத்தில் விரித்து வைத்துப் பார்க்கிறாள். கடவுளே, அவள் கையில் சிவப்பு அம்பு ஒட்டும் வேலை இல்லாமல் போகட்டும் என்று சட்டைக்குச் சட்டை வேண்டிக்கொண்டேன். உங்களை எனக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று எனக்கே தெரிந்தது அந்த நாட்களில்தான். நமக்குக் குறித்திருந்த பங்குனி முகூர்த்த நாளில் நான் வேலைக்குப் போனேன். பக்கத்து மண்டபத்தில் மேளம் கேட்டது. அன்றைக்கு எத்தனையோ குறையுள்ள சட்டைகள் என் கையைத் தாண்டிப் போயிருக்கும்.

சித்திரையில் ஒரு சாயங்காலம் கம்பெனி கேட்டை விட்டு வெளியே வந்தால், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நீங்கள் நிற்கிறீர்கள். முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியவில்லை. லாரிகள் போய்க்கொண்டே இருந்தன; கடக்க முடியாமல் அங்கேயே நின்றீர்கள். பிறகு கடந்து வந்தீர்கள். வந்து என் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டீர்கள். "ரத்தம் சுத்தம்" என்றீர்கள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றேன். பொய். எனக்கு எதுவும் தெரியாது. அன்றைக்கு டவுன் பஸ்ஸில் கூட்டமே இல்லை. எத்தனையோ சீட் காலியாக இருந்தும் நீங்கள் என் பக்கத்திலேயே, தோள் உரச உட்கார்ந்தீர்கள்.

வைகாசியில் கல்யாணம் ஆயிற்று. பாப்பா பிறந்தபோது அம்மா முதலில் அவளுடைய விரல்களைத்தான் எண்ணினாள், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. நீங்கள் வார்டு வாசலிலேயே நின்றுவிட்டீர்கள். உள்ளே வரச் சொன்னால், "நீயே பாத்துச் சொல்லு. எங்கயாச்சும் சிவப்பு அம்பு ஒட்டணுமா?" என்று அங்கிருந்தே கேட்டீர்கள். துணியை விலக்கி, அவளைத் தலையிலிருந்து கால் வரை திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "ஒண்ணுகூட இல்ல" என்றேன். அதற்குப் பிறகுதான் உங்கள் கால் உள்ளே வந்தது. வந்து பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டீர்கள்.

அந்த வேலையில் நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தீர்கள்! பக்கத்தில் நிற்கும் நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, நடுவில் ஒரு தடுப்பை வை என்று மூன்று விதியைப் பாப்பாவுக்குத் தாலாட்டு மாதிரி சொல்வீர்கள். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் கதிர் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்று அடுப்பங்கரையிலிருந்து வாசல் வரைக்கும் நடந்து காட்டுவீர்கள். அவ்வளவு கவனமான மனிதரைக் கிருஷ்ணகிரி ரோட்டில் தவறான பக்கம் வந்த ஒரு லாரி அடித்துப் போட்டுவிட்டது. அதற்கு எந்த விதியும் நீங்கள் எனக்குச் சொல்லித் தரவில்லை.

உங்களை வாசலில் கிடத்தியிருந்தபோது, பின்னால் யாரோ பேசியது என் காதில் விழுந்தது. "அந்தக் கதிரு வேலைதான் கண்ண மங்க வெச்சிருக்கும். அதான் லாரி தெரியல." அழுதுகொண்டிருந்த நான் எழுந்துவிட்டேன். "லாரிங்க! லாரி அடிச்சிச் செத்தாரு! அவரு ரத்தத்த அன்னிக்கே பரிசோதன பண்ணிப் பாத்தாச்சி, சுத்தமான ரத்தம்!" என்று கத்தினேன். அந்தச் சுத்தமான ரத்தமெல்லாம் ரோட்டில் போய்விட்டதே என்பது கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது. அம்மாதான் என்னைக் கட்டிப் பிடித்து உட்கார வைத்தாள். அவளே அந்தக் கூட்டத்தைப் பார்த்து, "பட்டது ஒடம்புல நிக்காதுன்னு எம் மருமவன் எனக்கே சொல்லிக் குடுத்திருக்கான். தெரியாம பேசாதீங்க" என்றாள். அவள் மறக்கவில்லை மாமா. பயத்தில்தான் அப்போது மறந்திருக்கிறாள்.

பாப்பா என்னிடம், அப்பா எப்படிப் பேசுவார் என்று கேட்கிறாள். அவளுக்கு உங்கள் முகம் போட்டோவில் இருக்கிறது, குரல் எதிலும் இல்லை. அதை எடுத்துக் கொடுக்க வேண்டியது நான்தான். அவளிடம் உங்களைப் போலப் பேசிக் காட்டுகிறேன். முதல் வருடம் நினைத்த உடனே வந்த குரல், இப்போது அப்படி வருவதில்லை. அது எனக்குப் பெரிய பயமாக இருந்தது. ஒருநாள் முற்றிலும் போய்விடுமோ, அவளுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லாமல் ஆகிவிடுமோ என்று.

உங்கள் கடைசி மாதங்களில் நீங்கள் வீட்டுக்குத் தாமதமாக வந்துகொண்டிருந்தீர்கள். ஆறிய குழம்பை நான் கோபத்தோடு சூடு பண்ணிக்கொண்டிருக்கும்போது ஒருநாள் காரணம் சொன்னீர்கள். சோர்ஸ் பழசாகிவிட்டது, அதிலுள்ள அணுக்கள் பாதிக்கு மேல் உடைந்து தீர்ந்துவிட்டன, புதியது இன்னும் வரவில்லை, அதனால் ஒவ்வொரு படத்துக்கும் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று. அப்படியென்றால் படம் மங்கலாக அல்லவா விழும் என்று கேட்டேன்.

"இல்ல புள்ள. நேரம் மட்டும் கூடக் குடுக்கணும். படம் அதே படம்தான்" என்றீர்கள்.

இப்போதெல்லாம் வேலை முடிந்து வந்ததும் விளக்கேற்றிவிட்டு, பாப்பா வீட்டுப்பாடம் எழுதி முடிக்கிற வரைக்கும் சுவரில் சாய்ந்து சும்மா உட்கார்ந்திருக்கிறேன். முன்னைவிட நெடுநேரம் உட்கார வேண்டியிருக்கிறது. ஆனால் வருகிறது மாமா. பெஞ்சின் மறுகோடியிலிருந்து பேசினீர்களே, அந்தக் குரலே வருகிறது.